வடிவமைத்தோன் பாயிரம்

தமிழில் நூல் செய்தோர் நூலைத் தொடங்குமுன் பாயிரம் அமைத்தனர். எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அதனை நூலெனக் கொள்ள இயலாது என்பது நன்னூலாரின் முடிபு. மாளிகைக்கு ஓவியமும், பெருநகருக்குக் கோபுரமும், மகளிர்க்கு அணிகலனும் எப்படியோ, அப்படியே நூலுக்கு அணிந்துரை என்பதும் அந்நூல் வழி நாம் அறிந்த உவமை.

இக்காலத்தே கட்டடம், எழுத்துரு, சின்னம், நாற்காலி, ஆடை என எதனை வடிவமைப்போரும் தம் ஆக்கத்தோடு ஒரு பக்கம் எழுதித் தரவேண்டியுள்ளது. யாருக்காகச் செய்தேன், எதனால் செய்தேன், ஏன் இவ்வாறு செய்தேன் என்று ஆக்கியவரே உரைக்கும் அவ்வேட்டை வடிவமைப்பாளர் கூற்று என்கிறோம். அகமதாபாத்திலும் மும்பையிலும் தில்லியிலும் வடிவமைப்புக் கல்வி பயிலும் நம் பிள்ளைகள் பலர், படத்தை வரைந்துவிட்டு அந்த ஒரு பக்கத்தின் முன் பேனாவோடு திகைத்து நிற்பதைக் காண்கிறோம். அது மேனாட்டார் கொணர்ந்த சடங்கு என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று. அக்கூற்றின் நோக்கம் யாது, அதனை எழுதும் முறை யாது, எழுதாமல் விட்டால் நேர்வது யாது என்பவற்றை நம் நாட்டு வரலாற்றிலிருந்தே சில சான்றுகளைக் கொண்டு காண முயல்வோம்.

நன்னூல் வகுத்த நெறி

13-ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் இயற்றியது நன்னூல். அது சிறப்புப் பாயிரத்திற்கு எட்டுச் செய்திகளை வரையறுக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களன், காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர்.

இவற்றை ஒரு நாற்காலிக்கோ ஒரு கட்டடத்திற்கோ பொருத்திப் பாருங்கள். வழி என்பது எந்த முன்னோரின் ஆக்கத்தை அடியொற்றியது என்பது. எல்லை என்பது எவ்விடத்தே வழங்குதற்குரியது என்பது. யாப்பு என்பது எதன் பின்னர் எது என்னும் தொடர்பு. நுதலிய பொருள் என்பது தீர்க்க எடுத்துக்கொண்ட சிக்கல். கேட்போர் என்பார் அதனைப் பயன்படுத்துவோர். பயன் வெளிப்படை. இன்று வடிவமைப்புக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் கேட்கும் வினாக்கள் ஏறக்குறைய இவையே. எட்டுக்குள் 'அழகு' என்றொரு தலைப்பு இல்லாமையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அழகை ஆக்கமே காட்டவேண்டும். பாயிரம் அதனைப் பேசுவதில்லை.

இங்கே ஒரு முரண் எழும். நன்னூல் நெறிப்படி பாயிரத்தை நூலாசிரியனே எழுதலாகாது. அவன் ஆசிரியனோ, அவனோடு ஒருங்கு கற்றவனோ, அவன் மாணாக்கனோ, தகுதிவாய்ந்த உரைகாரனோ எழுதவேண்டும். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்தவர் உடன்பயின்ற பனம்பாரனார். எத்துறையில் எவ்வளவு புதியன கண்டு முடித்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது காரணம்.

அங்ஙனமாயின் இன்றைய வடிவமைப்பாளன் தன் கூற்றைத் தானே எழுதுவது முறையோ? இதற்கும் நன்னூலே விடை தருகிறது. நான்கு இடங்களில் தன்னைப் பற்றித் தானே உரைத்தல் தகும் என்கிறது அது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லவேண்டியபோது, மாற்றான் தன்னைப் பழிக்கும்போது. போட்டிக்கு விண்ணப்பம் அனுப்புவது முதலாவது. அறிமுகமில்லாத ஊரில் பணி தேடுவது இரண்டாவது. தேர்வுக் குழுவின் முன் நிற்பது மூன்றாவது. ஆக்கம் வெளிவந்தபின் எழும் கண்டனத்திற்கு விடையிறுப்பது நான்காவது. வடிவமைப்பாளர் கூற்றுக்குரிய இடங்கள் இந்நான்கினுள் அடங்குகின்றன.

மண்டகப்பட்டும் தஞ்சையும்

தமிழகத்தில் கல்லில் பொறித்த இத்தகைய கூற்று ஒன்று உண்டு. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக் குடைவரையில், 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் மகேந்திரவர்மன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு அது. செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி, பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் இக்கோயிலைச் செய்வித்தான் என்பது அதன் கருத்து.

ஒரே செய்யுள். யார் செய்வித்தது என்பதும் யாருக்காக என்பதும் எதனை விலக்கியது என்பதும் அதனுள் உள்ளன. செங்கல்லும் மரமும் சுதையும் கொண்டு கோயில் எடுத்தல் வழக்காயிருந்த காலத்தே, அவற்றை விட்டுப் பாறையையே குடைந்தது ஏன் வியத்தற்குரியது என்பதை அரசன் உணர்ந்திருக்கிறான். தன் கோயில் பெரியது என்று அவன் கூறவில்லை; அழகியது என்றும் கூறவில்லை. விலக்கிய நான்கு பொருள்களை மட்டும் எண்ணிக் காட்டினான். அந்த எண்ணிக்கையே அக்கோயிலின் புதுமையை நமக்கு உணர்த்துகிறது. ஒரு குறை மட்டும் உண்டு. உளி பிடித்த தச்சனின் பெயர் அதில் இல்லை. விசித்திரசித்தன் செய்வித்தவன், செய்தவன் யாரோ!

தஞ்சைப் பெரிய கோயிலில் நிலை வேறு. 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய அக்கோயிலின் கல்வெட்டு, வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று தலைமைச் சிற்பியின் பெயரைச் சொல்கிறது. அரசன் அளித்த பொன்னும் மணியும், விளக்கிற்குரிய நெய்யும், நானூறு தளிச்சேரிப் பெண்டிரின் பெயரும் அவர்தம் வீட்டு வரிசையும் எனக் கணக்குகள் அங்கே அடுக்கடுக்காக உள்ளன. ஆனால் இத்துணை உயரிய விமானத்தை ஏன் எண்ணினான், எவ்வாறு ஏற்றினான் என்பதைப் பெருந்தச்சன் வாய்மொழியாக நமக்கு உரைக்கும் ஒரு வரியும் அங்கே இல்லை.

உரை இல்லாத இடத்தைக் கதை நிரப்பிற்று. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றனர். உச்சிக் கல் ஒரே பாறை என்றனர். கதிரவன் சாயும் பொழுதில் சென்று பார்ப்போர் நிழலைத் தரையிலேயே காணலாம். உச்சிச் சிகரமும் பல கற்களின் சேர்க்கை என்பது ஆய்ந்தோர் கருத்து. கதைகள் அன்பினால் பிறந்தவைதாம். எனினும் அவை பெருந்தச்சனின் கணக்கறிவை மறைத்து, அவ்விடத்தே ஒரு மாயத்தை வைத்துவிட்டன. ஆக்கியோன் உரைக்காமல் விட்டதைப் பின்வந்தோர் தம் மனம்போல் உரைப்பர் என்பதற்கு நம் கண்முன் நிற்கும் சான்று இது.

கொடியும் உரையும்

உரையின் வன்மையை நம் தேசியக் கொடியின் வரலாறு காட்டுவதுபோல் வேறொன்று காட்டாது. ஆந்திர நாட்டைச் சேர்ந்த பிங்கலி வெங்கையா 1916-ஆம் ஆண்டில், இந்தியாவிற்கு ஒரு தேசியக் கொடி வேண்டும் என்னும் கருத்தை விளக்கி, வரைவுகள் பலவற்றோடு ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1921-இல் பெசவாடாவில் காங்கிரசுக் குழு கூடியபோது சிவப்பும் பச்சையுமாகக் கொடி வரைந்து காந்தியடிகளிடம் அளித்தார். இராட்டைச் சின்னம் ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்சராஜ் கூறியது. வெண்மையைக் காந்தியடிகள் சேர்க்கச் சொன்னார். அவ்வாண்டு ஏப்ரலில் 'யங் இந்தியா' இதழில் அவரே விளக்கமும் எழுதினார். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முசுலிம்களுக்கு, வெண்மை ஏனைச் சமயத்தார்க்கு என்பது அன்றைய உரை.

அந்த உரையே பிணக்கிற்கு வித்தாயிற்று. எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர் கேட்டனர். சமயத்திற்கொரு நிறம் என்று சொன்னபின், அக்கேள்வியைத் தவறென்று தள்ள யாரால் இயலும்? 1931-இல் காங்கிரசு காவி, வெண்மை, பச்சை என்று கொடியைத் திருத்தியது. நிறத்தினும் பெரிய திருத்தம் உரையில் நிகழ்ந்தது. நிறங்கள் எச்சமயத்தையும் குறிப்பன அல்ல; காவி வீரத்தையும் தியாகத்தையும், வெண்மை அமைதியையும் வாய்மையையும், பச்சை நம்பிக்கையையும் பெருந்தகைமையையும் குறிக்கும் என்று தீர்மானம் விளக்கிற்று. இருபதின் உரை பிரித்தது; முப்பதின் உரை சேர்த்தது.

1947 சூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் கொடித் தீர்மானத்தை முன்மொழிந்த நேரு, இராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரம் அமைந்ததற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று கைத்தொழிலாளியும் ஒப்பும் காரணம். இராட்டையை ஒருபுறம் நோக்கினால் சக்கரம் ஒரு பக்கமும் கதிர் மறுபக்கமும் இருக்கும். கொடியின் மறுபுறத்தில் அது இடவலமாக மாறிவிடும். சக்கரமோ இருபுறமும் ஒன்றே. திருத்தணியில் பிறந்த இராதாகிருட்டிணன் அதே அவையில் காவிக்குத் துறவையும், வெண்மைக்கு ஒளியையும், பச்சைக்கு மண்ணோடுள்ள உறவையும், சக்கரத்திற்கு அறத்தையும் இயக்கத்தையும் பொருளாக உரைத்தார். ஒருவர் செய்முறை சொன்னார். மற்றவர் பொருள் சொன்னார். நல்ல கூற்றுக்கு இவ்விரண்டும் வேண்டும்.

செம்புக்கு ஒரு பாயிரம்

விடுதலைக்குப் பின் நம் அரசின் அழைப்பில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லசு ஈம்சும் அவர் துணைவியார் ரே ஈம்சும் 1958 ஏப்ரலில் ஓர் அறிக்கை அளித்தனர். 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற வழிசெய்தது அதுவே. இந்தியாவில் தாம் கண்ட பொருள்களுள் மிக அழகியது என்று அவர்கள் போற்றியது அரண்மனையையோ கோபுரத்தையோ அன்று. வடநாட்டார் லோட்டா எனவும் நாம் செம்பு எனவும் வழங்கும் எளிய ஏனத்தையே அவர்கள் போற்றினர்.

ஒரு செம்பை ஒருவர் புதிதாக வடிவமைப்பதாயின் எவற்றையெல்லாம் எண்ணவேண்டும் என்று அவர்கள் வரிசைப்படுத்தினர். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும்? பிடிக்கும் கை எத்தகையது? தலையிலா, இடுப்பிலா, கையிலா, எங்கே வைத்துச் சுமப்பது? நிறைந்தபோதும் வெறுமையானபோதும் சமநிலை எவ்வாறு நிற்கும்? ஊற்றும்போது நீர் எப்படி ஒழுகும்? உள்ளே கைவிட்டுத் துலக்க இயலுமா? சூடு கையைத் தாக்குமா? தட்டினால் ஒலி எப்படி? விலை என்ன, பழையதானால் உலோகத்தின் மதிப்பு என்ன? இவற்றுக்கெல்லாம் விடை கண்டது தனியொருவரின் அறிவு அன்று; தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு அமைந்தது அது என்றனர்.

நம் வீட்டுப் பரணில் கிடக்கும் செம்புக்கு நாம் எழுதாத பாயிரத்தை அயலார் எழுதினர். தகுதிவாய்ந்த உரைகாரன் பாயிரம் செய்யலாம் என்ற நன்னூல் விதிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் அதனைப் படிக்கும்போது நமக்கு மகிழ்ச்சியோடு சிறு நாணமும் உண்டாகிறது. பெயரில்லாக் கம்மியர் பல்லாயிரவர் செய்த பொருளுக்கு, அதனை நாள்தோறும் கையாண்ட நாம் ஒரு பக்கம் எழுத எண்ணவில்லையே!

ரூபாய்க் குறி

இனி, தமிழர் ஒருவரின் கூற்றைக் காண்போம். டாலர், பவுண்டு, யென், யூரோ ஆகியவற்றுக்குத் தனிக்குறிகள் இருந்தபோது, நம் ரூபாய்க்கு ஆங்கில எழுத்துச் சுருக்கமே வழங்கிற்று. அண்டை நாடுகள் சிலவற்றின் பணத்திற்கும் அதே சுருக்கம். 2009-இல் நடுவணரசு நிதியமைச்சகம் குறிக்கான போட்டியை அறிவித்தது. மூவாயிரத்திற்கும் மேற்பட்ட வரைவுகள் வந்தன. இறுதிக்கு ஐந்து தேர்வாயின. 2010 சூலை 15 அன்று அமைச்சரவை ஏற்றது த. உதயகுமாரின் வரைவை. கள்ளக்குறிச்சியில் பிறந்து, சென்னையில் கட்டடக்கலை பயின்று, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் எழுத்துருவியலை ஆய்ந்தவர் அவர்.

அவர் தந்த விளக்கத்தின் சாரம் இது: தேவநாகரி 'ர'கரமும், நிமிர்ந்த கால் நீங்கிய உரோமானிய 'ஆர்' எழுத்தும் ஒன்றாய் இணைந்த உரு. மேலே உள்ள கோடு தேவநாகரியின் தலைக்கோட்டை நினைவூட்டும். இரு கோடுகளும் இடையிலுள்ள வெளியும் மூவண்ணக் கொடியைச் சுட்டும். இணையான இரு கோடுகள் சமன் குறியையும் காட்டும். உலகத்தார் பணக்குறியென உடனே உணர்வதற்கும் அக்கோடுகள் துணைபுரியும்.

நன்னூலின் எட்டோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். வழி, எல்லை, பொருள், கேட்போர், பயன் யாவும் உள. தற்புகழ்ச்சி மட்டும் இல்லை. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த யூனிகோடு ஆறாம் பதிப்பில் குறி இடம்பெற்றது. 2011-இல் நாணயத்திலும், அடுத்த ஆண்டு தாள் பணத்திலும் ஏறியது. இன்று காய்கறிக் கடைக்காரர் அட்டையில் சுண்ணத்தால் அதனை எழுதுகிறார். தலைக்கோட்டின் பொருள் அவருக்குத் தெரியவேண்டுவதில்லை. கூற்று தன் பணியை முடித்துப் பின்னே நின்றுவிட்டது, குறி மக்களுடையதாயிற்று.

ஆயினும் ஒரு வினா தமிழ் நெஞ்சில் எழாமல் இல்லை. தமிழெழுத்துக்குத் தலைக்கோடு கிடையாது. தமிழெழுத்தை ஆய்ந்தவர் நாடெங்கும் வழங்கும் குறியில் தேவநாகரியின் சாயலைத் தேர்ந்தார். 2025 மார்ச்சில் தமிழக அரசு தன் வரவு செலவுத் திட்ட இலச்சினையில் அக்குறிக்கு மாறாக 'ரூ' என்னும் தமிழெழுத்தை வைத்தபோது இருதரப்பிலும் பெரும் பேச்சு எழுந்தது. அதில் தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஒன்று மட்டும் கூறுவோம். அன்று வாதிட்டோர் பலரும் எடுத்துப் பேசியது 2010-இல் ஆக்கியோன் தந்த விளக்கத்தையே. ஏற்பாரும் மறுப்பாரும் ஒரே ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாதிட முடிந்தது. பெருந்தச்சன் செய்திக்குக் கதை வளர்ந்தது போல் இதற்கு வளரவில்லை. எழுதி வைத்த கூற்றின் பயன் இதுவே. அது உடன்பாட்டை உண்டாக்காவிடினும் வாதத்தை நேர்மையாக்கும்.

எழுதும் முறை

இவ்வரலாற்றிலிருந்து நம் பிள்ளைகளுக்குச் சில நெறிகளைத் தொகுத்துச் சொல்லலாம்.

முதலில் சிக்கலைச் சொல்க. ரூபாய்க்குத் தனிக்குறி இல்லை என்பது போல அது ஒரு வரியில் அடங்கவேண்டும். அடங்காவிடின் சிக்கல் இன்னும் தெளியவில்லை என்று பொருள்.

அடுத்து, பயன்கொள்வோரைக் கண்முன் நிறுத்துக. ஈம்சு இணையர் செம்பைப் பேசுமுன் அதனைப் பிடிக்கும் கையைப் பேசினர்.

மூன்றாவது, விலக்கியவற்றைக் கூறுக. மகேந்திரவர்மன் காட்டிய வழி இது. எடுத்துக்கொண்டதைக் கண் காணும். விட்டதைச் சொல்லாவிடின் யாரும் அறியார்.

நான்காவது, கடன்பட்ட வழியை மறைக்காதே. இராட்டையை ஒருவர் சொன்னார், வெண்மையை ஒருவர் சேர்த்தார் என்பதால் வெங்கையாவின் புகழ் குறைந்துவிடவில்லை.

ஐந்தாவது, பொருளுரைக்கும்போது எச்சரிக்கை வேண்டும். 1921-இன் உரை போல, நாம் ஏற்றும் பொருளே நம் ஆக்கத்தைக் குறுக்கிவிடலாம். பொருள் யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தபின் எழுதுக.

இறுதியாக, செய்து முடித்தபின் தோன்றிய காரணத்தைச் செய்யுமுன்னே எண்ணியதாகக் கூறாதே. நல்ல கூற்று தீய வடிவத்தைக் காப்பாற்றாது. பொய்க்கூற்றோ நல்ல வடிவத்தையும் ஐயத்திற்குள்ளாக்கும்.

நமக்கும் உரியது

வடிவமைப்போர்க்கு மட்டும் உரிய செய்தியாக இதனை நாம் கருதவில்லை. பிறந்த ஊரில் எதற்கும் விளக்கம் வேண்டுவதில்லை. வாசலில் கோலம் இடுவதும், அரிசிமாவால் இடுவதும், புள்ளி வைத்துச் சுற்றி வளைப்பதும் அங்கே தாமாக நிகழும். தொலைவிலுள்ள நகரின் நான்காம் மாடியில், எதிர்வீட்டார் வியந்து கேட்கும்போது, அதைவிட நம் பேத்தியே 'ஏன்' என்று கேட்கும்போது, நமக்கு ஓர் உரை தேவைப்படுகிறது. அறியாதாரிடையே நிற்கும்போது தன்னைப் பற்றித் தானே உரைக்கலாம் என்று நன்னூல் விலக்களித்த இடம் இதுவன்றோ! புலம்பெயர்ந்தோர் வாழ்வு நாள்தோறும் அவ்விடத்தில்தான் கழிகிறது.

'நம் வழக்கம், அவ்வளவுதான்' என்று விடை கூறிவிட்டால், தஞ்சை நிழலுக்கு நேர்ந்ததே நம் வழக்கங்களுக்கும் நேரும். பிள்ளைகள் அவற்றைக் கதையாகக் கொள்வர். பின் கதையென்றே தள்ளுவர். புள்ளி எத்தனை, வரிசை எப்படி, எறும்புக்கு மாவு ஏன் என்று பாட்டியிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வைக்கும் பேத்தி, பனம்பாரனார் தம் தோழருக்குச் செய்த பணியையே செய்கிறாள். அத்தகைய பக்கங்கள் நம் சங்கத்து மலர்களில் ஆண்டுதோறும் இடம்பெறுதல் வேண்டும். பெருந்தச்சன் எழுதாது விட்டதை இனி யாரும் எழுத இயலாது. நம் பாட்டியரிடமோ இன்னும் கேட்கலாம்.